என் கையெழுத்து இருந்த கூரை

இருபத்து மூன்று வயதில் என் வேலை, ஊரார் காலையில் எழுந்து இருமித் துப்பும் சளியைச் சிந்தாமல் வாங்கி வருவது. இதை வேறு எப்படிச் சொன்னாலும் பொய்யாகிவிடும். ஆராய்ச்சி நிறுவனம் தந்த அட்டையில் 'களப் பணியாளர்' என்று இருந்தது. பாடியில் எங்கள் தெருவில் கேட்டவர்களிடம் அம்மா "ஆஸ்பத்திரி வேலை" என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்வாள். திருகுமூடி போட்ட சின்னச் சின்ன டப்பாக்கள், ஒரு தெர்மாகோல் பெட்டி, ஒரு கட்டுக் காகிதம். இவற்றோடு ஜீப்பில் ஏறி அம்பத்தூர் தாண்டி, பூந்தமல்லி தாண்டி, நசரத்பேட்டையில் இடப்பக்கம் திரும்பினால் செம்பரம்பாக்கம் ஏரிக்கரை வரும். கரை வருவதற்கு முன்பே ஏரியின் வாசனை வந்துவிடும், பச்சையாக, கொஞ்சம் மீனாக.

அதற்கு முந்தைய ஒரே வருடத்தில் மூன்று வேலையை விட்டிருந்தேன். தட்டச்சு நிலையம், நர்சரிப் பள்ளி, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் வரவேற்பு மேசை. உட்கார்ந்த இடத்தில் எனக்குக் கால் ஊறும். இப்போது தலை நரைத்த பிறகும் ஊறத்தான் ஊறுகிறது. இந்தப் பத்தியை எழுதுவதற்குள் இரண்டு முறை எழுந்து மொட்டைமாடிக்குப் போய் வந்துவிட்டேன். ஆனால் அந்த ஏரிக்கரையில் மட்டும் என் கால் சும்மா இருந்தது. ஏன் என்று அப்போது தெரியவில்லை. சந்தோஷமாக இருந்தேன், அவ்வளவுதான் தெரியும்.

கரைக்கு அடியில் இருளர் குடிசைகள், எண்ணினால் முப்பதுக்குள். ஏரியில் கையால் தடவியே மீன் பிடிப்பார்கள். அறுப்பு முடிந்த வயலில் எலி வளை வெட்டுவார்கள். தோட்டக் காவல், விறகு, செங்கல் சூளை என்று கிடைத்த வேலைக்கெல்லாம் போவார்கள். எங்கள் கோப்பில் அவர்கள் 'பழங்குடி மக்கள்'. அவர்களிடம் இருமல் எவ்வளவு, அதில் காசநோய் எவ்வளவு என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. பார்ப்பதோடு நிற்கக் கூடாது, கண்டால் குணமாக்க வேண்டும் என்பது எங்கள் டாக்டரம்மாவின் பிடிவாதம். முக்கியமான எதையாவது பேசும்போது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவார். எதிராளி முகம் மங்கலானால்தான் அவருக்கு நேராகப் பேச வரும் போல.

முதல் நாள் ஒப்புதல் படிவத்தை வாசித்தேன். "இவ்வாய்வில் தாங்கள் பங்கேற்பது முற்றிலும் தங்கள் விருப்பத்தைப் பொறுத்தது." கேட்டவர்கள் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. ஏரியில் ஒரு நாரை காலை மாற்றி வைத்தது. வாசித்து முடித்து, கைநாட்டு வாங்க மை டப்பாவைத் திறந்தேன். அந்தத் தகர மூடி 'டக்' என்றது.

அந்த ஒரு சத்தம் போதுமாக இருந்தது. அடுப்பில் எதையோ வைத்தது ஞாபகம் வந்ததுபோல ஒருத்தி எழுந்தாள். ஆட்டைத் தேடி ஒருவர் போனார். சண்டை இல்லை, முறைப்பு இல்லை. தண்ணீர் வற்றுவதுபோல வற்றினார்கள். நானும் மை டப்பாவும் ஒரே ஒருத்தியும் மிஞ்சினோம். முப்பத்தைந்து வயது இருக்கும். உடைமுள் நிழலில் குந்தி, ஒரு சட்டி கெளுத்தியை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆய்வதற்கு நடுவே இருமினாள்.

"எங்க அண்ணனோட பத்து வெரலயும் இதுலதான் உருட்னாங்க," என்றாள், மீனைப் பார்த்தபடியே. "தோட்டத்துல மோட்டார் காணாப்பூட்ச்சாம். தூக்குனவன் எவனோ. வெரலு மட்டும் எங்க அண்ணனுது."

திரும்பும்போது ஜீப் ஓட்டுகிற அண்ணன், தப்பு யாருடையது என்று வழியெல்லாம் எனக்கு விளக்கினார். மையைக் காட்டினால் யாருக்குத்தான் ஸ்டேஷன் ஞாபகம் வராது, அவரே லைசென்ஸ் ஆபீசில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாராம்.

மறுநாள் டாக்டரம்மாவே வந்தார். மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கைநாட்டு எதற்கு என்பதை, அது அவர்களுடைய பாதுகாப்புக்காகத்தான் என்பதை, பொறுமையாகச் சொன்னார். கெளுத்தி ஆய்ந்தவள் முழுவதையும் கேட்டாள். பிறகு கேட்டாள்:

"கேக்கறது நீங்க. இருமித் துப்பறது நாங்க. எத்துகினு போறதும் நீங்க. அப்போ எழுதிக் குடுக்க வேண்டியது யாரு?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். பிறகு மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பி, "எழுது" என்றார். என்ன எழுதுவது என்று விழித்தேன். நீ அவர்களுக்கு என்ன கொடுக்கப் போகிறாயோ அதை எழுது, பேசுகிற மாதிரியே எழுது என்றார்.

எழுதினேன். 'நீங்க சொல்றதையும் உங்க உடம்புல கண்டதையும் உங்ககிட்ட மட்டும்தான் சொல்வேன். நீங்க சொல்லச் சொல்லாம வேற யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். வேணாம்னு நீங்க எப்பச் சொன்னாலும் விட்டுடுவேன்.' அதற்குக் கீழே என் கையெழுத்து. சத்தமாக வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். இரண்டாம் வாசிப்புக்குள் அடுப்பிலிருந்தும் ஆட்டிடமிருந்தும் ஆட்கள் திரும்பி வந்திருந்தார்கள்.

எல்லாக் குடும்பத்துக்கும் என் கையாலேயே எழுதினேன். கார்பன் வைத்தால் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். மை விரலில் ஒட்டினால்தான் எழுதினதாக அர்த்தம். வாயால் சம்மதம் சொன்னதற்கு டாக்டரம்மா சாட்சி போட்டார். அலுவலகத்திலிருந்து முணுமுணுத்து ஒரு கடிதம் வந்தது. அதையும் அவர் ஒழுங்காகக் கோப்பில் வைத்தார். கெளுத்திக்காரி தன் காகிதத்தை ஒரு பால் கவருக்குள் மடித்து, கூரையின் பனையோலைக்கும் மூங்கிலுக்கும் நடுவே செருகினாள். என் பெயர் அதற்கு முன் எந்த வீட்டின் கூரையிலும் இருந்ததில்லை. எங்கள் வீட்டு ரேஷன் கார்டில் இருந்தது, மாதா கோயில் ஞானஸ்நானப் பதிவில் இருந்தது. இது வேறு. மழையில் நனையுமா என்று கவலைப்படத் தோன்றிய முதல் கையெழுத்து அது.

கேள்விகள் தொடங்கின. நான் ஒன்று கேட்டால், பதில் சொல்லிவிட்டு அதையே என்னிடம் திருப்பிக் கேட்பாள். முதலில் எரிச்சலாக இருந்தது, நேரம் போகிறதே என்று. ஓர் அறையில் எத்தனை பேர் தூங்குகிறீர்கள்? நாலு என்றாள். உங்க ஊட்ல? ஆறு என்றேன்; பாடியில் எங்கள் வீடே ஓர் அறைதான். சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"அப்போ டப்பா உனுக்குத்தான் பாப்பா மொதல்ல குடுக்கணும்."

அன்றிலிருந்து நான் பாப்பா. அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். வீட்டில் குழந்தை ஏதாவது இறந்திருக்கிறதா என்பது அடுத்த பக்கத்துக் கேள்வி. வாய் தவறாமல், பழகிய குரலில் கேட்டேன். ஒன்று, மஞ்சள் காமாலையில் என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள். எங்கள் வீட்டில் ஒரு தம்பி இருந்தான். ஒன்பது மாதம் இருந்தான். அதை நான் வெளியாள் ஒருவரிடம் சொன்னது அன்றுதான். எந்தப் பக்கம் படுக்க வைப்பீர்கள் என்று கேட்டாள். சுவரோரம் என்றேன். ம் என்றாள். அந்தக் கேள்வியை அடுத்த குடிசையில் நான் வேறு குரலில் கேட்டேன்.

விடிகாலைச் சளியை டப்பாவில் தந்தபோது ஒன்று சொன்னாள். மகளை ஒரு பையனுக்குக் கேட்கிறார்கள். திருநின்றவூர்ப் பக்கத்து ஆட்கள், தங்கள் இனத்தவர்தான். மாசி மகத்துக்கு எல்லாரும் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய்த் தங்கி கன்னியம்மாவைக் கும்பிடுவார்கள். பேச வேண்டியதைப் பேசி முடிப்பது அங்கேதான். அதற்குள் இருமல்காரி வீட்டுப் பெண் என்று பேர் வந்துவிட்டால் அவ்வளவுதான்.

"இன்னா வந்தாலும் எனுக்கு மட்டும் சொல்லு. எழுதிக் குடுத்துக்கீற."

பத்து நாளில் முடிவு வந்தது. கரைக்காரர்கள் எல்லாருடைய டப்பாக்களும் சுத்தம். அவளுடையதில் மட்டும் கிருமி.

இங்கேதான் நாங்கள் சொதப்பினோம். டாக்டரம்மா, ஜீப் அண்ணன், நான், மூன்று பேரும் சேர்ந்து. படித்தவர்கள் மட்டுமே இவ்வளவு சிரத்தையாகச் செய்யக்கூடிய தவறு. ரகசியம் என்றால் எங்களுக்கு ஒட்டிய கவர். கவரை ஒட்டினோம், உள்ளே சீட்டை வைத்தோம், மருந்துப் பெட்டியை எடுத்தோம், நேரே அவள் குடிசை வாசலில் ஜீப்பை நிறுத்தினோம். அண்ணன் பழக்கதோஷத்தில் ஹாரன் வேறு அடித்தார். அலுவலக வராந்தாவில் அது ரகசியம். ஏரிக்கரையில் அது தண்டோரா. முப்பது குடிசைக்கு நடுவே ஒரே ஒரு வாசலுக்கு ஜீப் போனால், கவருக்குள் என்ன இருக்கிறது என்று எதற்கு வாசிக்க வேண்டும்?

எல்லா வாசலிலும் ஆட்கள். அவள் வெளியே வந்தாள். ஜீப்பைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என் முகத்தில் இருந்ததைப் படித்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன். பிறகு கரை முழுக்கக் கேட்கிற மாதிரிக் குரலை உயர்த்தினாள்.

"இன்னா பாப்பா, கோடில கீற ஊட்ட உட்டுட்டு நடுவுல ஆரம்பிக்கற? அங்கேருந்து வரிசையா வா. எங்குளுது வரும்போது வரட்டும்."

கோடி வீட்டுக்கு நடந்தேன். என்ன சொல்வது? பொய் சொல்ல முடியாது. அப்போதுதான் நினைவு வந்தது: என் பையில் எல்லாருடைய முடிவும் இருந்தது. ஒன்றும் இல்லாதவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவே இல்லை. சளியை வாங்கினோம், கண்ணாடித் துண்டில் தேய்த்தோம், சுத்தம் என்று எழுதினோம், மூடினோம். தந்தவர்கள் பத்து நாளாக வயிற்றில் நெருப்போடு இருந்தார்கள் என்பது கணக்கிலேயே இல்லை.

கோடி வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் சொன்னேன். உங்களுக்கு ஒன்றும் இல்லை. அங்கிருந்த கிழவர் நம்பவில்லை. தாளைக் காட்டச் சொன்னார். காட்டினேன். படிக்கத் தெரியாது, ஆனால் தாளை நெடுநேரம் பார்த்தார். அவர் ஆயுசில் ஒரு காகிதம் வந்து, உன் மேல் ஒன்றும் இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவையாம். அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. ஒவ்வொரு வீட்டிலும் ஒரே அளவு நேரம், ஒரே தாழ்ந்த குரல். ஒருத்தி ஒரு கைப்பிடி வேர்க்கடலை தந்தாள். இன்னொருத்தி வருத்தத்தோடு கேட்டாள், ஒன்றுமே இல்லையா என்று. அவளுடைய வீடு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஏரி முழுக்கத் தகரம்போல மின்னியது. உள்ளே போனேன். மற்ற வீடுகளில் இருந்த அதே அளவு நேரம்தான் அங்கும் இருந்தேன். சொன்னேன்.

அவள் கூரையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். சரி, என்ன மாத்திரை, எத்தனை நாள் என்று கேட்டாள்.

டாக்டரம்மா மறுநாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அவள் கூரைக்குக் கீழே தூங்குகிறவர்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும், அதில் அவர் இறங்கி வர மாட்டார். அவள் அன்றைக்கே வீட்டுக்காரனிடமும் பிள்ளைகளிடமும் தானே சொன்னாள். வாரத்தில் மூன்று நாள், எங்கள் கண் முன்னால் விழுங்க வேண்டும். ஒருத்தி மட்டும் விழுங்கினால் மறுபடியும் தண்டோரா. ஊரில் அநேகமாக எல்லாருக்கும் கடைவாய் வெடித்திருந்தது. அவர்களுக்கு எப்படியும் தர நினைத்திருந்த சத்து மாத்திரையை அதே நாட்களில் தர ஆரம்பித்தார் டாக்டரம்மா. இது வாய்ப்புண்ணுக்கு, மூத்திரம் மஞ்சளாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியும் வைத்தார். ஒரு வாரத்துக்கு ஏரிக்கரையில் வேறு பேச்சே இல்லை. யாருடையது அதிக மஞ்சள் என்று ஆண்கள் பந்தயம் கட்டினார்கள். அவளுடைய மருந்துக்கு நிறம் சிவப்பாகப் போகும். எல்லாரும் தங்களுடையதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்ததில், அவளுடையதை எவரும் பார்க்கவில்லை.

இரண்டு மாதம். இருமல் தேய்ந்தது. அடுத்துத் தந்த டப்பாவில் கிருமி இல்லை. ஆனாலும் நிறுத்தக் கூடாது, இன்னும் நான்கு மாதம். நடுவில் மாசி மகம் வந்தது.

புறப்படுகிற நாள் மாத்திரை நாளாக இருந்தது. பூந்தமல்லி பஸ் நிலையத்துக்கே போய்விட்டேன். பானை, பாய், இரண்டு சேவல், தலைக்குமேல் மூட்டை, கரை மொத்தமும் அங்கே இருந்தது. திருநின்றவூர் ஆட்களும் அங்கேயே சேர்ந்துகொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் எங்கள் ஆட்கள் வரிசையாக உள்ளங்கையை நீட்டினார்கள், கோயில் பிரசாதத்துக்கு நீட்டுவதுபோல. அவளும் நீட்டினாள். குழாய்த் தண்ணீரோடு விழுங்கினாள்.

கரும்புச்சாறு வண்டியின் பக்கத்திலிருந்து ஒரு பெண்மணி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். மெலிந்த உடம்பு, நரை, முந்தானையால் வாயை மூடிய ஒரு நிற்பு. பையனின் தாய். என்னைத் தனியாக ஓரத்துக்கு அழைத்தார்.

"பொண்ணோட ஆத்தா இருமிகினு கெடந்தாளாமே. நீ டாக்டரூட்டு ஆளு. உனுக்குத் தெரியும். சொல்லு."

"யாரோட உடம்பைப் பத்தியும் யார்கிட்டயும் நான் சொல்றதில்லைம்மா."

"நான் சம்பந்தி ஆவப்போறவ."

"அவங்களையே கேளுங்கம்மா. நான் எழுதிக் கொடுத்திருக்கேன்."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆமாம் என்று சொன்னால் துரோகம். சொல்ல மாட்டேன் என்பதும் அவர் காதில் ஆமாம் என்றுதானே விழும்? அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பஸ் வந்தது. சேவல்கள் ஜன்னல் வழியாக ஏறின. அவள் கையசைத்தாள். அவளிடம் சொல்லக்கூட நேரம் இல்லை.

நான்கு நாள். எங்கள் வீட்டில் தவக்காலம் தொடங்கியிருந்தது. அம்மா கோயிலில் பாட்டுப் பயிற்சிக்குக் கூப்பிட்டாள், போனேன், பாதியில் எழுந்து வந்தேன். பாடி சந்திப்பில் லாரிகளை எண்ணினேன். ஜீப் அண்ணனிடம் புலம்பினேன். அவர் டீயை ஆற்றியபடி, "நீ வாய்ல பூட்டு போட்டுக்கீற தங்கச்சி. சாவி உன்கிட்ட இல்ல. அப்பறம் இன்னாத்துக்குக் கொடையற?" என்றார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. ஒரு பெண்ணின் கல்யாணம் என் ஒரு வாக்கியத்தின் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் ஜீப் கரையில் இறங்கியபோது அவள் குடிசை வாசலில் இரண்டு பேர் குந்தியிருந்தார்கள். ஒருத்தி அவள். இன்னொருத்தி பையனின் தாய். நடுவில் ஒரு சட்டி மீன். இருவர் கையிலும் செதில்.

"முட்ஞ்சிது பாப்பா," என்றாள் அவள். வைகாசியில் கல்யாணம்.

விஷயம் மெல்ல மெல்ல வந்தது, மீனை ஆய்ந்தபடியே. கடற்கரையில் மணலில் ஏழு படி கட்டி, கன்னியம்மாவைக் கும்பிட்டு முடித்த காலையில், அந்த அம்மாவிடம் அவளே சொல்லிவிட்டாளாம். கிருமி இருந்தது, மாத்திரை சாப்பிடுகிறேன், இப்போது இல்லை என்று. ஏன் சொன்னாய் என்று கேட்டேன். அந்த அம்மாவே தன்னிடம் கேட்க வந்தாராம், பஸ் நிலையத்தில் உன்னைக் கேட்டும் நீ சொல்லலையாமே என்றாள். நான் சொல்லவில்லை என்று தெரிந்ததும், தானே சொல்லத் தைரியம் வந்ததாம். அதில் என்ன தர்க்கம் என்று இத்தனை வருடமாக யோசிக்கிறேன். பிடிபடுவதுபோல வந்து, கெளுத்திபோல வழுக்கிவிடுகிறது. பிடிபடாமலே எனக்கு அது போதும்.

பையனின் தாய் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே பார்த்து ஜாடை காட்டினார். அவள் எழுந்துபோய்க் கூரையிலிருந்து பால் கவரை எடுத்துவந்து பிரித்தாள். புகை ஏறிக் காகிதம் பழுத்திருந்தது. என் கையெழுத்து அப்படியே இருந்தது. பையனின் தாய் அதன்மேல் விரல் படாமல், வரி வரியாகக் காற்றில் தடவிக் காட்டினார்.

"இந்தமாரி எனுக்கும் ஒண்ணு எழுதிக் குடு."

எங்கள் ஆராய்ச்சியில் திருநின்றவூர் இல்லை. டாக்டரம்மாவைக் கேட்க வேண்டும், அலுவலகம் முணுமுணுக்கும், டீசலுக்கு யார் பதில் சொல்வது என்று அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்பார். எல்லாம் பிறகு. ஜீப்பின் பானெட்டில் தாளை வைத்தேன். அடியில் இஞ்சின் சுட்டது. அதே மூன்று வாக்கியம். அதே கையெழுத்து, சூட்டில் கொஞ்சம் கோணலாக. சத்தமாக வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

வாங்கி, மை உலரும் வரை ஊதி, நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அதற்கப்புறம்தான், நெடுநாளாக உள்ளேயே அடக்கி வைத்திருந்தவர்போல, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஆசைதீர இருமினார். நான் பெட்டியைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்தேன்.